5,000 சொல் அட்டைப் பெட்டி, 1,280 வெள்ளி: வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் ஆறாம் படிவம், இன்னும் ஐந்து மாதத்தில் மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) எழுதப் போகிறாள். போன சனிக்கிழமை லயத்துக்கு ஒருவர் வந்தார். 5,000 ஆங்கிலச் சொல் அட்டைகள், கூடவே ஒரு வருடத்துக்கு ஆப், எல்லாம் சேர்த்து 1,280 வெள்ளி, தேர்வில் பேண்டு 5 என்ற தரநிலை உறுதி என்றார். 200 வெள்ளி முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் திட்டுகிறார். இது பிரயோஜனப்படுமா? பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: தங்கச்சி, முதலில் பணத்தைப் பார்ப்போம், படிப்பு அப்புறம், ஏனென்றால் பணத்துக்குத்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு தேடி வந்து விற்பதற்கு நம் மலேசியாவில் 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் போட்ட பிறகு மனசு மாறினால் ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசம் உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள், கையெழுத்துக்கு நேர் மேலே பெரிய எழுத்தில் இந்த அவகாசத்தைப் பற்றி அச்சடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆள் சட்டப்படி வியாபாரம் செய்யவில்லை என்று அர்த்தம், உங்கள் பக்கம் இன்னும் பலம்தான்.

வாட்ஸ்அப்பில் "வேண்டாம் அண்ணே" என்று அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி எழுதி, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெட்டி கையில் இருந்தால் பிரிக்க வேண்டாம். "பணம் திரும்பத் தரமாட்டோம்" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள் என்பதற்காகப் பயப்படாதீர்கள், கடைக்காரர் அச்சடிப்பது சட்டத்தைத் தாண்டாது. அப்படியும் இழுத்தடித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை, நீங்களே பேசலாம். "பேண்டு 5 உறுதி" என்ற நோட்டீஸையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அப்படி ஓர் உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. (இவர்கள் சம்பள நாளைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் தோட்டத்துக்குள் வருகிறார்கள், கிராணிக்குக்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.)

சரி, இப்போது அந்த 5,000 சொல். ஐந்து மாதம் என்றால் ஒரு நாளைக்கு 33 சொல், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் சேர்த்து. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் பாடங்களையும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் முடியாது. முடிந்தாலும் லாபம் குறைவு. மூவெட்டில் சொல்வளத்துக்கென்று தனித் தாள் கிடையாது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 90, மொத்தம் 360 புள்ளி. எழுத்துத் தாளில் 75 நிமிடத்துக்குள் 100 சொல்லுக்குக் குறையாமல் ஒரு மின்னஞ்சலும், 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். அங்கே யாருக்கும் தெரியாத ஓர் அபூர்வச் சொல்லைக் கொண்டுவந்து இடம் தெரியாமல் செருகினால் திருத்துபவருக்குச் சிரிப்புத்தான் வரும். தெரிந்த சொல்லை எந்தச் சொல்லோடு சேர்த்து எழுதுவது என்பதில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். பலத்த மழைக்கு ஹெவி ரெயின் என்று எழுத வேண்டிய இடத்தில் பிக் ரெயின் என்று எழுதுகிறார்கள், டிசிஷனுக்கு முன்னால் மேக் போடாமல் டூ போடுகிறார்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அர்த்தம் என்று அடித்த அட்டை இதைச் சொல்லித் தராது.

எதைப் படிப்பது என்பதற்கு இலவசமாகவே நல்ல பட்டியல் இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் அது. மொத்தம் 570 சொற்குடும்பம்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), ஆனால் பல்கலைக்கழகப் பாடநூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். பத்துப் பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள், அடிக்கடி வருவது முதல் பிரிவில், அதில் 60. மகளை அந்த 60-இல் தொடங்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு 30, 35 என்று போனால் ஐந்து மாதத்தில் முடித்துத் திரும்பப் பார்க்கவும் நேரம் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று, தோட்டத்தையோ பள்ளியையோ வைத்துத் தானே எழுதிய வாக்கியம் ஒன்று, இரண்டும் நோட்டில் இருக்கட்டும். இரண்டாவதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும், அதை விட்டால் எழுதியதே வீண்.

அட்டை வைத்துப் படிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மறக்கப் போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும் ஆப் நிச்சயம் உதவும், அதற்குப் பணம்தான் தேவையில்லை. அங்கி (Anki) என்ற நிரல் கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டு போனுக்கு அங்கிட்ராய்டு என்ற பெயரில் கிடைக்கிறது, அதுவும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் காசு. பெயரில் அங்கி என்று ஒட்டிக்கொண்டு மாதச் சந்தா கேட்கும் வேறு ஆப்களும் உண்டு, பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். அட்டையை மகள் கையாலேயே தயாரிக்கட்டும், பாதிப் படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

காசு போட்டு வாங்க வேண்டும் என்றால் இரண்டே பொருள்தான் சொல்வேன். ஒன்று, இப்போதைய வடிவத்தில் வந்த மாதிரித் தாள் புத்தகம். இன்னொன்று, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் மாணவர் அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன, ஆனால் தோட்டத்தில் லைன் வந்து வந்து போகிறது என்றால் புத்தகமாக ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் மூவெட் பயிற்சிப் புத்தகம் 5 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2021-இல் தேர்வு வடிவம் மாறிவிட்டது. அதற்கு முன் உள்ளதில் பேண்டு 6 வரை இருக்கும், வாசிப்புக்கு மட்டும் 40 விழுக்காடு இருக்கும். இப்போது நான்கு பகுதிக்கும் சம பங்கு, உச்சம் 5+. பழைய புத்தகத்தின் வாசிப்புப் பத்திகள் சொல் சேர்க்க உதவும், 5 வெள்ளிக்கு மோசமில்லை. ஆனால் கடிகாரம் வைத்துத் தேர்வு போல எழுதிப் பார்க்க அது வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் பேனாவில் விடையைக் குறித்திருந்தால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, டிப்ளோமா முடித்துவிட்டு வெளிநாடு போக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத நினைக்கிறேன். மூவெட்டுக்கு வாங்கிய புத்தகமே போதுமா? இப்போதே பணம் கட்டிவிடவா?

பதில்: தம்பி, சொல் படிக்க அதே பட்டியல், அதே அகராதி போதும். பயிற்சித் தாள் மட்டும் வேறு. ஐயெல்ட்ஸில் எழுதுதல், பேசுதல் இரண்டிலும் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு புள்ளி உண்டு, புள்ளி எப்படிக் கொடுக்கிறார்கள் என்ற விளக்கத்தையும் அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போ. தேர்வு நடத்துபவர்களின் தளங்களில் மாதிரித் தாளும் இலவசமாக இருக்கிறது. பணம் கட்ட அவசரப்படாதே, முடிவு பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். விண்ணப்பம் தள்ளிப் போனால் மறுபடியும் முழுக் கட்டணம். அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இரண்டு வகை உண்டு, எது வேண்டும் என்று நீ போகப் போகும் கல்லூரியிடமோ முதலாளியிடமோ எழுத்தில் கேட்டு வாங்கு, ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டாதே.