விருது சமையலுக்கா, பீருக்கா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகன் மே மாதம் எங்களை, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள கெர்ன்சி தீவுக்கு அழைத்துப் போகிறான். அங்கே உள்ள பப் ஒன்றுக்கு 'விருது பெற்ற பப் உணவு' என்று கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம் பார்த்தோம். தீவின் சொந்தச் சமையலையும் ருசிக்க ஆசை. எந்த பப்புக்குப் போகலாம்? பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள்.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் பப்பின் பெயரைக் கேட்கிறீர்கள். நான் விருதின் பெயரைக் கேட்கிறேன். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது? பிரிட்டிஷ் பப்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் 'காம்ரா'. 1971-இல் தொடங்கிய பீர் பிரியர்களின் சங்கம் அது. அவர்கள் தரும் 'ஆண்டின் சிறந்த பப்' பட்டம் பீரின் தரத்தையும் கடையின் சூழலையும் பார்த்துத் தருவது. அடுப்படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாப்பாட்டுக்கான மதிப்பு வேண்டுமென்றால் பிரிட்டனில் நல்ல சமையலுக்குத் தரும் ஏஏ ரோஸெட் இருக்கிறதா, மிஷலின் உணவக வழிகாட்டியில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஆண்டையும் பாருங்கள். சமையல்காரர் வேறு கடைக்குப் போன பிறகும் பட்டயம் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் பார்த்துப் போனாலும் தீவின் சமையல் உங்கள் தட்டுக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. மீனும் சிப்ஸும் இங்கிலாந்தின் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். அதற்காகக் கடல் தாண்ட வேண்டாம்.

கெர்ன்சிக்காரர்களின் வீட்டுச் சமையல் 'பீன் ஜார்'. உலர்ந்த பீன்ஸ், வெங்காயம், பன்றிக்காலோ மாட்டுக்கறியோ எல்லாவற்றையும் ஒரு மண்ஜாடியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மெல்லிய சூட்டில் இரவெல்லாம் வேகவிடுவார்கள். அந்தக் காலத்தில் சனிக்கிழமை மாலை ஜாடியை ஊர் பேக்கரியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். ரொட்டி சுட்ட அடுப்பு ஆறுகிற சூட்டிலேயே அது வெந்துவிடும். ஞாயிறு காலை பலகாரமே அதுதான். பப் மெனுவில் தினமும் எதிர்பார்க்காதீர்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பன்றி, மாடு சாப்பிடாதவர்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜாடிக்குள் கரைந்த பிறகு எது எது என்று தெரியாது.

அந்தத் தீவின் மகுடம் 'ஆர்மர்'. பாறையில் ஒட்டிக்கிடக்கும் ஒற்றை ஓட்டுச் சிப்பி; ஓட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள், உள்பக்கம் முத்துப் பளபளப்பு. சதையைக் கட்டையால் அடித்து மிருதுவாக்கி, மாவில் புரட்டி வறுத்து, பிறகு மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். இதைப் பிடிக்க அங்கே உள்ள சட்டம் நம்மூர் விரதத்தைவிடக் கறார்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும், அதிலும் அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டிரண்டு நாட்கள் மட்டும். அன்றுதான் கடல் வெகுதூரம் உள்வாங்கும். முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டித்தான் தேட வேண்டும், முக்குளிக்கக் கூடாது. ஓடு 80 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். முக்குளித்த ஒருவரைத் தண்ணீருக்குள்ளேயே போலீஸ் கைது செய்த கதையும் உண்டு. ஆக, மே மாதம் போகும் உங்களுக்குப் புதிதாகப் பிடித்த ஆர்மர் கிடையாது. யாராவது நீட்டினால் அது ஃப்ரீசரில் இருந்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று விசாரியுங்கள்.

மே மாதத்துக்கு நண்டுதான். அக்கம்பக்கத்துக் கடலில் பிடித்தது, நல்ல ரொட்டியில் வைத்த நண்டு சாண்ட்விச்சுக்கு எந்த விருதும் தேவையில்லை. மாலை டீக்கு, உலர்திராட்சை போட்ட 'காஷ்' ரொட்டியில் கெர்ன்சி வெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சாப்பிடுங்கள். அந்த வெண்ணெய் மஞ்சள் நிறமாக இருக்கும். சாயம் என்று சந்தேகப்பட வேண்டாம், அந்த மாட்டின் பாலே அப்படி. (நம் பால்காரர்கள் கட்டி வைத்திருக்கும் ஜெர்சி பசுவின் பூர்விகமும் பக்கத்துத் தீவுதான்.)

பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சாப்பாடு போடும் பப்களுக்குக் குடும்பமாக வருவது அங்கே சகஜம். வாசலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் கவுன்டருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி நீங்களேதான் ஆர்டர் கொடுக்க வேண்டும். யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் பிற்பகலில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கெர்ன்சி தனியாக அச்சிடும் பவுண்ட் நோட்டு மிச்சமிருந்தால் படகு ஏறும் முன்பே செலவழித்துவிடுங்கள். லண்டன் கடைக்காரர் பெரும்பாலும் அதை வாங்க மாட்டார்.