வெள்ளை வயல், கறுப்பு வானம்: அகச்சிவப்பு ஃபிலிம் கேள்வி பதில்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் அகச்சிவப்பு ஃபிலிமும் அகலக் கோண லென்ஸுமாக நான் அலைவது தெரிந்து, நண்பர்கள் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

புளியரையிலிருந்து: அண்ணாச்சி, இந்த ஃபிலிமில் எங்கள் வயல் பனி கொட்டியது போல் வெள்ளையாக விழுமாமே? வெயிலின் சூட்டைத்தானே அது பதிவு செய்கிறது?

சூட்டை அல்ல தம்பி. நம் உடம்புச் சூடு வெளிவிடும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 10,000 நானோமீட்டர். நம் கண் 700 பக்கத்தில் நின்றுவிடும்; ரோலை (Rollei) நிறுவனத்தின் இன்ஃப்ராரெட் 400 ஃபிலிம் 820 வரை பார்க்கும். 700-க்கும் 820-க்கும் இடையிலுள்ள அந்தச் சிறு துண்டில்தான் இத்தனை வித்தையும் நடக்கிறது. பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் தொடாது. இலைக்குள் காற்றிடைவெளிகளோடு இருக்கும் செல்கள் அதைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் நாற்று வெள்ளை. நீல ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குக் காற்று இதைச் சிதறடிப்பதில்லை என்பதால் வானம் கறுப்பு. நடவு வயலில் தேங்கிய தண்ணீரில் தெரியும் வானமும் கறுப்பாகத்தான் விழும். இதற்கு 'வுட் விளைவு' என்று பெயர். மரத்தால் வந்த பெயரல்ல. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளரின் பெயர்.

தென்காசியிலிருந்து: பழைய படங்களில் இலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் இருக்கும். எனக்கு அது வரவில்லையே?

வராது. அது கோடாக் எச்ஐஇ ஃபிலிமின் குணம். ஃபிலிமை ஊடுருவிய ஒளி கேமராவின் பின்தகட்டில் பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சு அதில் கிடையாது. திரும்பிய ஒளிதான் அந்த வட்டம். 2007-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கிடைக்கும் இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200 ஏறத்தாழ 740 நானோமீட்டர் வரைதான் போகும். வெள்ளை இலை வேண்டுமென்றால் ரோலையை வாங்குங்கள். ஒளிவட்டம் இல்லையென்று நான் வருந்தவில்லை. பாதிப் படங்களை அது கெடுத்தும் இருக்கிறது.

கடையநல்லூரிலிருந்து: பெட்டியில் 400 என்றிருந்தது. ஆர்72 ஃபில்டர் போட்டு 400-லேயே எடுத்தேன். ஒரு ரோல் முழுக்க வெறுமை.

எனது முதல் ரோலும் அப்படித்தான் போயிற்று. 720 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை அந்த ஃபில்டர் ஏறக்குறைய முழுவதுமாக மறைத்துவிடும். 400-ஐ மறந்துவிட்டு, ஃபிலிமின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வெயிலில் 12. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒளியை அளவெடுங்கள். சுள்ளென்ற வெயிலில், லென்ஸ் திறப்பு எஃப் 11-க்கு 1/8 நொடியில் தொடங்கி, 1/4, 1/2 என்று மூன்று எடுங்கள். முக்காலி இல்லாமல் நடக்காது. புளியரையில் காற்று எழுந்தால் தென்னந்தலை அரை நொடியில் பஞ்சாகிவிடும். கேபிள் ரிலீஸைக் கையில் பிடித்தபடி காற்று அடங்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

பண்பொழியிலிருந்து: 20 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். ஃபோகஸ் பிசகுகிறது, மூலைகள் கறுக்கின்றன. ஃபில்டர் போட்டால் எதுவும் தெரிவதுமில்லை.

மூன்றும் வேறு வேறு தொல்லைகள். கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்தில் அகச்சிவப்பு ஒளி குவியாது. பழைய லென்ஸ்களின் வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ இருக்கும். வழக்கம்போல ஃபோகஸ் செய்து, காட்டும் தூரத்தை அந்தப் புள்ளிக்கு நகர்த்துங்கள். அகல லென்ஸின் வசதி என்னவென்றால், எஃப் 11-இல் 20 மி.மீ.யை 1.2 மீட்டரில் வைத்தாலே காலடி வரப்பிலிருந்து மலை வரை தெளிவாக வரும். சிறு பிசகை அதுவே விழுங்கிவிடும். எஃப் 22-க்குப் போகாதீர்கள், கூர்மை குறையும். மூலை கறுப்பதற்குப் பெரும்பாலும் தடித்த ஃபில்டர் வளையம்தான் காரணம். யூவி ஃபில்டரின் மேலேயே ஆர்72-ஐத் திருகியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கழற்றுங்கள். படத்தின் சட்டகத்தை அமைத்து முடித்த பிறகு ஆர்72-ஐப் போடுங்கள். அப்புறம் வ்யூஃபைண்டரில் இருட்டுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இத்தனை அகலத்தில் வானம் ஒரே கறுப்பாக விழாது. சூரியன் நிற்கும் பக்கம் வெளுத்து, மறுபக்கம் மை போல இறங்கும். சூரியனை முதுகுக்கு நேரே வைத்தால் காலை எட்டு மணிக்கு உங்கள் தலை நிழல் வரப்பில் காக்கை போல உட்கார்ந்திருக்கும். என் தொகுப்பில் அப்படி ஆறு காக்கைகள் இருக்கின்றன. சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள்.

குற்றாலத்திலிருந்து: சாரல் காலத்தில் மலையை மூடும் மேகத்தை இது ஊடுருவுமா?

ஊடுருவாது. வெயில்நாளின் மெல்லிய புகைமூட்டத்தைத்தான் குறைக்கும்; மேகத்தின் நீர்த்துளி அலைநீளத்தைவிட மிகப் பெரியது. சாரலுக்கு நடுவே வெயில் அடிக்கும் அரைமணி நேரத்துக்குக் காத்திருங்கள். காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும், கேரளப் பக்கத்து மேகம் மலைமுகட்டில் வழியும். அதைவிட நல்ல ஒளி இந்த வட்டாரத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து: முதல் சில படங்களில் கறுப்புத் திட்டு விழுகிறது, அண்ணாச்சி.

டீக்கடை வாசலில் ரோல் மாற்றினீர்களா? ரோலையின் தளம் தெளிந்த பாலியெஸ்டர்; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாக ஒளி குழாய்த் தண்ணீர் போல உள்ளே ஓடிவிடும். நெகட்டிவில் அதுதான் கறுப்பாக விழுகிறது. கறுப்புத் துணிப்பைக்குள் கைவிட்டு மாற்றுங்கள். உங்களுடையது பிந்தைய தானியங்கி கேமரா என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: சில மாடல்கள் ஃபிலிமின் துளைகளை அகச்சிவப்பு விளக்கால் எண்ணும். அப்போது திட்டு எல்லாப் படங்களின் ஓரத்திலும் இருக்கும்.

ஆரியங்காவிலிருந்து ஒரு சகோதரி: கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தை எடுக்க ஆசை. கல்லும் வெள்ளையாகிவிடுமா?

ஆகாது அம்மா, அதுதான் அந்தப் பாலத்தின் அழகு. 1904-இல் திறந்த ரயில் பாதையின் கற்கட்டு, சாம்பலாகவே நிற்கும். சுற்றியுள்ள காடு மட்டும் வெளுக்கும். வெயில் பக்கவாட்டில் விழும்போது வளைவுகளின் உட்புறம் கறுத்துவிடும். 24 மி.மீ. போதும், கேமராவை அண்ணாந்து சாய்க்காமல் மட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். கீழே அதிகமாக விழும் தார்ச்சாலையை அச்சிடும்போது வெட்டிக்கொள்ளலாம்.