கட்டஞ்சாயாவோடு சத்து மாத்திரை போடலாமா?

கம்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "வயது 34. தினமும் விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். ஹீமோகுளோபின் 9 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தோட்டத்தில் இறங்கி கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடிக்கும்போது மறக்காமல் போடுகிறேன். மூன்று மாதமாகியும் 9.2தான். ஊசி போட வேண்டுமா?"

ஒருநாள்கூட விடாமல் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஊசி பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் மாத்திரையை டீயிடமிருந்து பிரியுங்கள்.

வாழைக்காய் நறுக்கினால் இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போகும், இல்லையா? காயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இப்படித்தான். அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். அரசு தரும் சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது அதே உப்புதான். டீயிலும் அந்தத் துவர்ப்பு இருக்கிறது. இரண்டும் வயிற்றில் சேர்ந்தால், குடல் உறிஞ்ச முடியாதபடி இரும்பில் ஒரு பகுதி கட்டுண்டு மலத்தோடு போய்விடும். பால் இல்லாத டீதானே என்று நினைக்காதீர்கள், துவர்ப்பு இருப்பது இலையில்.

இரும்பை உறிஞ்சும் முக்கிய இடம் சிறுகுடலின் தொடக்கம். சுமார் ஒரு சாண் நீளம்தான். அங்கே போகும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்க வேண்டும். இரைப்பையின் புளிப்பு அதற்கு உதவும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் உதவும். பாலும் கால்சியம் மாத்திரையும் தடுக்கும். தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்தப் புளிப்பே குறைந்துவிடும்.

எனவே காலையில் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எலுமிச்சைத் தண்ணீரில் போடுங்கள். இடையில் டீ, காபி கூடாது. வயிறு புரட்டினால் சாப்பிட்டவுடன் போடலாம், உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள்.

ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலில் இரும்பு உள்ளே போகும் வாசலை ஒடுக்கி வைக்கும். இதனால்தான் சில டாக்டர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்கிறார்கள். உங்களுக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். 9.2 என்பது 10.2 ஆகவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இரும்பு வேறு வழியில் போய்க்கொண்டிருக்கலாம்: மாதவிலக்கில் அதிகப் போக்கு, அல்லது செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு. இரண்டையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது. ஊசி தேவையா என்பதை அவர் அப்போது முடிவு செய்வார்.