மாதிரி விடமுதலே பழுப்பாகும் குளுக்கோசுப் பட்டி

வணக்கம் தம்பி. கிளிநொச்சி வீட்டில் நீங்கள் செய்த, குளுக்கோசு இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் காகித உணரிகள், மாதிரி ஒரு துளிகூட விடமுதலே ஒரு கிழமையில் பழுப்பாகின்றன, குளுக்கோசோடு தாக்கம்புரியும் நொதியம் பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் நிறம் காட்டுவதற்காகப் பட்டியில் ஊறவைக்கும் பொற்றாசியம் அயடைட்டில்தான். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தானே ஒட்சியேறி அயடீன் ஆகும். குளுக்கோசு இருந்தால் நொதியத்தின் வேலையால் வரவேண்டிய நிறமும் அதே பழுப்புத்தானே, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

பார்ப்பது லேசு. நொதியம் சேர்க்காமல் அயடைட்டு மட்டும் ஊறிய பட்டிகளைச் செய்து, பாதியை அலுமினியத் தாளில் சுற்றி அலுமாரியிலும் மீதியை யன்னலோரத்திலும் வையுங்கள். யன்னலோரம் முந்திப் பழுத்தால் விஷயம் தெரிந்துவிடும். அப்படியென்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில், இருட்டில் வையுங்கள்.

அதற்காக நொதியத்துக்கு ஆபத்தில்லை என்றில்லை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் காயவைத்தால் அது செத்துப்போகும். நிழலில் காயவிடுங்கள். கரைசலில் கொஞ்சம் டிரெகலோஸ் சர்க்கரை சேர்த்தால் காய்ந்த நொதியம் கூடக் காலம் தாங்கும்.

அப்புறம், தாங்கற் கரைசலுக்கு (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேத்திலில் வெள்ளையாகப் படிகிற அதே கல்சியம், கரைசலில் இருக்கும் பொசுபேற்றோடு சேர்ந்து வீழ்படிவாகும். காய்ச்சி வடித்த நீரே எடுங்கள்.

2007இல் ஹார்வர்டில் வேதியியலாளர் ஜோர்ஜ் வைற்சைட்சின் குழு காகிதத்தில் குளுக்கோசு பார்த்ததும் இதே அயடைட்டு முறையில்தான், ஆகவே உங்கள் வழி பிழையில்லை. இரத்தத்துக்கு மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள், குளுக்கோசுக் கரைசலிலேயே பழகுங்கள்.