தம்பி மேல எஃப்ஐஆர் இருக்கு, போலீஸ் வேலை கிடைக்குமா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த அண்ணன் உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான். பங்குனிப் பொங்கலில் முளைப்பாரி தூக்கும்போது வாய்த்தகராறு, அப்புறம் கைகலப்பு. அவர் தம்பி என்று சொன்னது தன் மகனைத்தான், அவன் பேரும் கேஸில் சேர்ந்துவிட்டது. "சின்ன கேஸ்தான் சார்" என்றார். என்ன செக்‌ஷன் என்றேன். மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் வந்தது.

நல்லவேளை, புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதையும் வழக்குப் பதிவான எஃப்ஐஆரையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. பலர் ரசீதைப் பார்த்தே கேஸ் என்று பயந்து ஓடி வருகிறார்கள்.

296(பி), 115(2), 351(3). ஊரில் 294பி, 323, 506(2) என்றால்தான் புரியும். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால் 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு 3 மாதம் வரை, அடித்துக் காயப்படுத்தியதற்கு 1 வருடம் வரை. "கொன்னுருவேன்" என்று மிரட்டியதற்கு 7 வருடம் வரை! அடியைவிட வாய்ப்பேச்சு கனம் என்றதும் அண்ணன் முகம் மாறியது.

வெறும் 115(2) என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. கூட 296 இருந்தால் நேராக எஃப்ஐஆர் போடலாம். தெருச்சண்டை கேஸ்களில் அந்த எண் தவறாமல் இருப்பது ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"சாட்சியைப் பிறழ வச்சுட்டா, அதாவது கோர்ட்டுல மாத்திச் சொல்ல வச்சுட்டா விடுதலைதானே?" என்றார். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்ந்து விடுதலையானாலும், தமிழ்நாடு போலீஸ் பணி விதிகள் அந்தப் பையனைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கில் வைக்கும். இரண்டு தரப்பும் மனசார ராஜியாகியிருந்தால் வழக்கையே ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட் மதுரை பெஞ்சுக்குப் போவது மேல். 115(2)-ஐக் கோர்ட்டிலேயே ராஜியாக முடிக்கலாம். 296-ஐ அப்படி முடிக்க முடியாது. அதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்ப உதவுவதோடு என் வேலை சரி. வழக்கு உண்டா என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதவே கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, உண்மையைச் சொல்லியிருந்தால் குற்றத்தின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க இடமுண்டு. மறைத்தால் மறைத்ததே பெரிய குறையாகிவிடும்.

கடைசியாக, சண்டை நடந்த அன்று தம்பிக்கு 18 முடிந்திருந்ததா என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். முடியவில்லையாம். அப்படியானால் இது சிறார் நீதிச் சட்டத்துக்குள் வரும். இந்த மாதிரி வழக்கில் தண்டனையே கிடைத்திருந்தாலும் அது வேலைக்குத் தகுதியிழப்பு ஆகாது. வயதைக் காட்டப் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டோடு திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.