பிராகில் ஒரு நாள் - கடிதம்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு பிராக் போகிறோம். கையில் ஒரே ஒரு முழு நாள். நாலு வயதுப் பையனுக்கு ஸ்ட்ரோலர் உண்டு. பெண்ணுக்கு ஒன்பது வயது. மாமியாருக்கு 68, முழங்கால் வலி. பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, சார்லஸ் பாலம் கடந்து, கோட்டைக்கு ஏறலாமா?

ந., மியூனிக்

அன்புள்ள ந.,

திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். உங்கள் வழியில் போனால் தெம்பெல்லாம் சமதரையில் தீர்ந்துபோய், களைத்த நேரத்தில் மேடு ஏற வேண்டியிருக்கும். கோட்டை வாசலில் சோதனை வரிசையும் காலையில்தான் குறைவு.

22ஆம் எண் டிராமில் ஏறி 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். சின்னப் பாலம் ஒன்றைத் தாண்டினால் கோட்டையின் இரண்டாம் முற்றம். நகரப் போக்குவரத்தில் 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் இலவசம். வயதைக் காட்ட பாஸ்போர்ட் வேண்டும். நீங்களும் கணவரும் காகித டிக்கெட் வாங்கினால், ஏறியதும் மஞ்சள் பெட்டியில் ஒரு தடவை முத்திரை குத்துங்கள். குத்தாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

முற்றங்களைச் சுற்றக் காசில்லை. உள்ளே பார்க்க, இரண்டு பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் குடும்ப டிக்கெட் இருக்கிறது. மாமியாருக்கு முதியோர் சலுகை. ஞாயிறு என்றால் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயம் பூசை முடிந்து பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். 1344இல் தொடங்கி 1929இல் முடித்த கட்டடம் அது. அதன் 287 படிக் கோபுரத்தை விட்டுவிடலாம். வடபக்கத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகாவின் வண்ணக் கண்ணாடி ஜன்னலை விடாதீர்கள்.

எல்லோரும் கிழக்கு வாசல் படிக்கட்டில் இறங்குவார்கள். முழங்காலுக்கு அது ஆகாது. திரும்பவும் அதே 22இல் மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம்வரை வாருங்கள். பாலத்துக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். வழியெல்லாம் கல் பாவிய தரை. ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் கல் இடுக்கில் மாட்டிக் குறுக்கே திரும்பிக்கொள்ளும், அதைப் பூட்டிவிட்டுத் தள்ளுங்கள். கையகலச் சக்கரம் வைத்த மடக்கு வண்டி என்றால் படாத பாடுதான்.

பாலம் கடந்தபின், பழைய நகரச் சதுக்கத்தில் நகர மண்டபக் கோபுரத்திலுள்ள 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் கடைசி. காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு தரம் காட்சி, அதுவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று பெண் கேட்பாள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முதலில் வலப்பக்க எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும், அது மணியை ஆட்டும், பிறகு மேல் ஜன்னல்களில் இயேசுவின் சீடர்கள், கடைசியில் சேவல். கூட்டம் கலைந்ததும் முகப்பைக் காட்டுங்கள். வெளிவளையத்து 24 எண்களும் சூரியன் மறைவதிலிருந்து மணியை எண்ணுபவை. அந்திப்பொழுது மாற மாற வளையமும் நகரும். எனக்கு பொம்மைகளைவிட இதுதான் அதிசயம். கோபுரத்தின் மேலேயிருந்து ஊரைப் பார்க்க லிஃப்ட் இருப்பதால் மாமியாரும் வரலாம்.

பணம் யூரோ அல்ல, கொருனா. ஏடிஎம் "யூரோவில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அதன் விகிதம் கொள்ளை. 'கமிஷன் இல்லை' என்ற பலகைக்கு மயங்கிப் பணம் மாற்றி ஏமாந்துவிட்டால், 1000 யூரோவுக்குட்பட்ட மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.