நூலகத்துச் சாவி

கேள்வி: எங்கள் ஊர் இளவட்டங்கள் செல்போனைத் தவிர எதையும் படிப்பதில்லை. இப்படியே போனால் நம் கொங்குப் பண்பாட்டை யார் காப்பாற்றுவது?
– வாசகர், காங்கேயம்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊராட்சி நூலகம் கடைசியாகத் திறந்தது எப்போது? 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிட்டார்கள். நான் பார்த்த பல ஊர்களில் அந்தக் கதவில் பூட்டுத்தான் தொங்குகிறது. வீட்டில் ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாலோ, "இது பரிச்சைக்கு வருமா?" என்று கேட்பதும் நாம்தான்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டாவது படிக்கும் பெண் திண்ணையில் உட்கார்ந்து அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, வாசித்துக்கொண்டிருந்தாள். ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்' நாவல். நம் கொங்குப் பேச்சு அச்சில் வருவதைக் கேட்டு அமுச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். கணவனை இழந்த நாகம்மாள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கும் இடம் வந்தது. அமுச்சி சட்டென்று சொன்னார்: "எனக்குஞ் சீர் செஞ்சாச்சு, காடு எதுக்குன்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன் கண்ணு." பக்கத்தில் பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்கிட்டயும் வாங்கிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள் மகள். அம்மா பதில் சொல்லவில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்தத் திண்ணையில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது ஒரு கதையால்தான்.

ஐயா, கிராமத்தில் வாசிப்பு வாசிக்கிறவரோடு நிற்பதில்லை. வீடு முழுக்கப் பரவும். அமுச்சியின் சொற்களைப் பேத்தியிடம் சேர்ப்பது போலவே, அமுச்சிக்கு நேர்ந்த அநியாயத்தையும் அது சேர்க்கும். படிக்கிற பிள்ளைகள் சீரைப் பற்றிக் கேட்பார்கள், கோயிலுக்குள் யாரை விடுகிறோம், யாரை விடுவதில்லை என்றும் கேட்பார்கள். பண்பாட்டைக் காப்பதற்கு மட்டும் அவர்கள் படிக்க வேண்டும் என்றால் அது நடக்காது. நடக்கவும் கூடாது என்பேன்.

உங்கள் ஊர் நூலகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கதவு திறந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். என் அலமாரியிலிருந்து இருபது புத்தகங்கள் உங்கள் ஊருக்கு வந்து சேரும்.